கயிற்றில் லேசாக இருந்தவன்

கண்ணை மூடிக்கொண்டு கிணற்றுக்கு அடியில் கிடப்பதுதான் என் உத்தியோகம். பத்தொன்பது வருஷம் கிடந்தேன். கிணற்றில் மட்டும் இல்லை. புகை அறையில் கிடந்திருக்கிறேன், இடிந்த சுவருக்குக் கீழே கிடந்திருக்கிறேன், வெயில் காலத்தில் இரும்புப் பெட்டிக்குள் மயங்கினவனாகக் கிடந்து நிஜமாகவே மயங்கியும் இருக்கிறேன். ஆபத்தில் மாட்டினவனைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மாட்டிக்கொண்டவனாக ஒருத்தன் வேண்டுமல்லவா, அந்த ஒருத்தன் நான். பயிற்சித் திடலில் எல்லோருக்கும் நான் 'பேஷண்ட் அண்ணா'. என் வீட்டுக்காரிக்கு அதை வெளியே சொல்லக் கூச்சம். "உங்க வூட்டுக்காரர் இன்னா வேலம்மா?" என்று யாராவது கேட்டால், "கவர்மெண்டு மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இப்போது எனக்கு ஓய்வு. எனக்குப் பதிலாகப் படுக்க ஐந்து பேரை எடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பெண்கள் என்று கேள்விப்பட்டேன். கயிறு இழுக்க வந்திருக்கும் புது ஆட்களும் இதைக் கேட்கலாம். ஆனால் முக்கியமாகப் படுக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். நடுவில் எங்கேயாவது சுற்றிப் போனால் குற்றம் என்னுடையது.

நான் வருவதற்கு முன்னால் திடலில் மணல் அடைத்த பொம்மை ஒன்று இருந்ததாம். கோணியில் தைத்து, பழைய பேண்ட் சட்டை போட்டு வைத்திருந்தார்கள். பசங்கள் அதைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் தலை கழன்று உருண்டதாம், அதை ஒருத்தன் உதைத்து விளையாடினானாம். பயிற்சி கொடுக்கும் மேடம் அன்றே பொம்மையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் ஆள் தேட ஆரம்பித்தது.

அந்த மேடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. சித்தூர்க்காரர். வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு, கோபத்தில் இரண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அப்போது பிச்சாட்டூர் பக்கம் கிணறு தூர்வாரும் கூலி. கிணற்றைப் பற்றிக் கேட்க வந்தவர், வரப்பில் நின்றுகொண்டே கேட்டார்:

"அண்ணா, கிணத்துல மயங்கி வுழுந்தவன் எப்டி கெடப்பான்னு தெரியுமா?"

"பாத்துருக்கேம்மா. மூணு பேரை."

"கெடந்து காட்டுங்க."

மண்ணிலே படுத்துக் காட்டினேன். ஒரு கை முதுகுக்கு அடியில், வாய் ஒரு பக்கம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "திங்கக்கெழம வந்துடுங்க" என்றார். இன்டர்வியூ அவ்வளவுதான்.

ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில் திடல் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். இப்போது இருக்கிற கட்டடம் எல்லாம் அப்போது இல்லை. கான்கிரீட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பொய்க்கிணறு, தகரம் போட்ட புகை அறை, ஒரு புளியமரம், அவ்வளவே. காட்டுத் தீக்கு, வெள்ளத்துக்கு, விஷக்காற்றுக்கு, எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஒத்திகை. யாரை எதில் போட்டாலும் அடியில் கிடக்கிறவன் நான்.

கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்கு மனிதர்களைக் கையால்தான் தெரியும். சில கை வரும்போதே அவசரமாக வரும், சட்டைப் பொத்தானைப் பிய்க்கும். சில கை முதலில் கன்னத்தைத் தொடும். பொய்யாகக் கிடக்கிறேன் என்று தெரிந்தும் என் முகத்தில் ஒட்டின மண்ணைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்த கைகள் உண்டு. அந்த மாதிரிக் கை வந்தால் எனக்கு மனசு இளகிவிடும். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கிணற்றிலிருந்து ஒருத்தரைத் தூக்க, அக்குளுக்கு அடியில் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, தொடைக்கு ஒன்றாக இரண்டு பட்டை போட வேண்டும். நெஞ்சுப் பட்டை சுலபம். தொடைப் பட்டை இடுப்புக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். மேலே மேடம் கையில் கடிகாரம். நேரம் தாண்டினால் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் ஒரு பையன், ஒல்லி, கை வெடவெடவென்று ஆடுகிறது. பட்டை நுழையவில்லை. முகமூடிக்குள் அவன் அழுகிறது எனக்குக் கேட்டது. நான் இடுப்பை இரண்டு விரல் அளவுக்குத் தூக்கினேன். பட்டை சரக்கென்று நுழைந்தது. பையன் பாஸ்.

யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. கயிறு ஏறும்போது கையை விலாவோடு இறுக்கிக்கொள்வேன், நெஞ்சுப் பட்டை நகராது. சுவரில் முட்டாமல் பாதத்தால் மெல்ல உந்துவேன். தலையைத் தொங்கவிட மாட்டேன். இதெல்லாம் நான் நினைத்துச் செய்ததுகூட இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எழுந்து நகர்ந்து உட்காருகிற மாதிரி உடம்பு தானாகச் செய்தது. நம் திடல் ஆட்கள் மூன்று நிமிஷத்தில் கிணற்றிலிருந்து ஆளை எடுத்துவிடுவார்கள் என்று பேர் வந்தது. வெளியூரிலிருந்து வந்து பார்த்துக் கை தட்டினார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். புளியமரத்தடியில் டீ கொடுக்கும்போது எனக்கு மட்டும் இரண்டு பன்.

நிஜம் வந்தது ஒரு மாங்காய் சீசனில். நடுப்பகல். பொய்க்கிணற்றிலிருந்து அப்போதுதான் ஏறி, மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத் தூரத்தில் ஒரு மாந்தோப்பு, கிணற்றில் ஆள் விழுந்துவிட்டான் என்று போன். பெரிய வண்டிகள் திருப்பதியிலிருந்து வர நேரமாகும். மேடம் "எக்கண்டி, எக்கண்டி" என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றினார். ஈரத் துண்டோடு நானும் ஏறிவிட்டேன். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் கல் கட்டின பழைய கிணறு. அறுபது அடி இருக்கும், அடியில் முழங்கால் தண்ணீர். தூர்வாருவதற்காகத் தண்ணீரை இறைக்க, டீசல் இஞ்சினை உள்ளே இறக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று பார்க்கத் தோட்டக்காரன் கோபால் இறங்கியிருக்கிறான். இஞ்சின் விட்ட புகை எங்கே போகும்? கிணற்றுக்குள்ளேயேதான் இருந்தது. அடியில் இருக்கிற கல் திட்டில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பக்கத்து மாமரத்தில் ஒருத்தனை மாட்டுக் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். கோபாலின் தம்பி. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். கட்டினது கோபாலின் மனைவி சுசீலா.

"அவுத்து வுடு அண்ணி! எங்கண்ணன் உள்ள சாவுறான், நீ என்னைக் கட்டி வெச்சிக்கினு கீற!"

"ஒருத்தரு உள்ள கீறது போதும். நீயும் போய் வுழுந்தினா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? கம்முனு கெட."

சொல்லிக்கொண்டே அவள் கை நிற்கவில்லை. புங்கங்கொம்புகளைக் கத்தையாகக் கட்டி, கயிற்றில் விட்டு, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கெட்ட காற்றைக் கலைக்க அப்படித்தான் செய்வார்கள். நாங்கள் போகும்வரை கோபாலுக்கு உயிர் இருந்ததென்றால், அந்தக் கொம்பால்தான். எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தப் பெண் அன்றைக்கு இரண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தாள், ஒன்றைக் கயிற்றால், ஒன்றைக் கொம்பால்.

உள்ளே இறங்கினது முனிரத்தினம். சத்தியவேட்டுப் பையன், அந்த வருஷத்தில் தேறினவர்களில் கெட்டிக்காரன். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மூடி. மேலே கப்பி தொங்கும் இரும்பு முக்காலி போட்டு எட்டுப் பேர் கயிற்றில். கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நிறுத்து, இரண்டு தரம் இழுத்தால் தூக்கு. நான் மேடத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனி நெஞ்சுப் பட்டையைப் போட்டுவிட்டான். தொடைப் பட்டையை ஒரு தரம் தள்ளினான். நுழையவில்லை. இன்னொரு தரம். கோபால் திட்டில் சாய்ந்தபடி, இடுப்பு சேற்றில் புதைய, அம்மிக்கல் மாதிரி கிடந்தான். முனி தலையைச் சாய்த்து ஒரு நொடி நின்றான். அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று மேலே இருந்த யாருக்கும் புரிந்திருக்காது, எனக்குப் புரிந்தது. அந்த இடுப்பு தூக்கிக் கொடுக்கும் என்று அவன் கை காத்திருந்தது.

தூக்கவில்லை. முனி தொடைப் பட்டையை விட்டுவிட்டான். கயிறு இரண்டு தரம் ஆடியது.

"லாகண்டி!" என்றார்கள். எட்டுப் பேரும் இழுத்தார்கள். கோபால் தண்ணீரை விட்டு மேலே வந்தான். ஐந்தடி, பத்தடி. அப்போது அவன் இரண்டு கையும் மெதுவாக மேலே போவதைப் பார்த்தேன். கோயிலில் கும்பிடுகிறவன் கை மாதிரி, அவ்வளவு மெதுவாக. கை மேலே போகப் போக, நெஞ்சுப் பட்டை அக்குளைத் தாண்டித் தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"எறக்கு!" என்று கத்தினேன். "எறக்கு, எறக்கு! ஆளு நழுவுறான்!"

தோப்பில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சுசீலா கொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யோவ், யாருய்யா நீ? மேல வர்ற ஆளை எறக்கச் சொல்ற?"

"டெய்லி அதுல தொங்குறவன்மா நானு."

மேடம் கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பாதியில் தொங்குகிற ஆளை மறுபடி விஷக்காற்றுக்குள் இறக்க, அவன் பெண்டாட்டி கண் முன்னால் உத்தரவு போட வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் அது வராது. அவருக்கு வந்தது. "ஆகண்டி, நிறுத்துங்க. மெதுவா எறக்குங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

கோபால் மறுபடி சேற்றுக்குப் போனான். சுசீலா வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள். அதே நேரத்தில் கீழே முனியின் சிலிண்டர் விசில் அடிக்க ஆரம்பித்தது. காற்று தீரப்போகிறது, கிளம்பு என்று அர்த்தம்.

அத்தனை வருஷம் கிடந்ததில், கிடக்கிற உடம்பு எங்கே இடம் விடும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கிணற்றுக்குள் தலையை விட்டுக் கத்தினேன்.

"முனி! அவன் தூக்க மாட்டான்டா! ஒருக்களிச்சுப் பொரட்டு! முட்டியை மடக்கி நெஞ்சாண்ட தள்ளு! தொடைக்கு அடில சந்து வரும், பட்டையை அதுல வுடு!"

விசில் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று பயந்தேன். முனி கோபாலைப் புரட்டினான். ஒரு கால். அப்புறம் நிறைய நேரம் ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தது. நிறைய நேரம் இல்லை, மேடம் பிறகு கடிகாரம் பார்த்துச் சொன்னார், ஒன்றரை நிமிஷம். இரண்டாவது கால். கயிறு இரண்டு தரம் ஆடியது.

இந்தத் தரம் கோபால் மூட்டை மாதிரி மடங்கி வந்தான். தலை ஒரு கல்லில் இடித்தது. கை மேலே போனது, போகட்டும், தொடைப் பட்டை தாங்கியது. அடுத்து முனியை இழுத்தார்கள். மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் வாந்தி எடுத்தான். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது. கோபாலின் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைச் சுசீலா கை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முதல் வேலையாகப் போய்க் கொழுந்தன் கட்டை அவிழ்த்தாள்.

கோபால் பிழைத்தான். பல நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போதும் தோப்பில்தான் வேலை. மாங்காய் ரகங்களின் பேர் மட்டும் சில நேரம் தடுமாறும், பெங்களூராவை நீலம் என்பான். சுசீலா திருத்துவாள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் புளியமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்காருகிற வழக்கம் நம் திடலில் உண்டு. அதற்கு ஒரே சட்டம், முதலில் தன் தப்பைத்தான் சொல்ல வேண்டும், மற்றவன் தப்பை அப்புறம். அன்று முனிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"தொடைப் பட்டை போடாம சிக்னல் குடுத்தேன். ஆளைக் கொன்னுருப்பேன். நாளைலேர்ந்து நான் வரல மேடம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆமாம், தப்புதான், பட்டை இல்லாமல் எப்படிச் சிக்னல் கொடுக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முனி தரையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அந்த வட்டத்தில் எனக்குப் பேசும் முறை கிடையாது. அடிபட்டவனாகக் கிடக்கிறவனிடம் யார் கேட்பார்கள், நீ என்ன தப்பு செய்தாய் என்று? நான் சும்மா இருந்திருக்கலாம். கோபால் பிழைத்துவிட்டான், எறக்கு என்று கத்தினவன் என்று எனக்கு நல்ல பேர் வேறு. சும்மா இருந்தால் ஒரு நல்ல பையன் வேலையை விட்டுப் போவான், வேறொன்றும் ஆகாது. ஆனால் ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. முனி ஒருத்தனா? இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் என்னைத் தூக்கியிருக்கிறார்கள்? குப்பம் பக்கம், காளஹஸ்தி பக்கம், நெல்லூர் வரைக்கும் போய் வேலை செய்கிற அத்தனை கைகளும், காத்திருந்தால் இடுப்பு தானாக எழும்பும் என்று நம்பிக்கொண்டு இருக்கின்றனவே.

கையைத் தூக்கினேன்.

"மேடம், அவன் தப்பு இல்ல. நான் இடுப்பைத் தூக்கிக் குடுப்பேன். கையையும் இறுக்கிக்குவேன். எல்லாருக்கும்."

டீக்காரர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்பலேர்ந்து அண்ணா?" என்றார் மேடம்.

"வந்த மொத வருசத்துலேர்ந்து."

"எதுக்கு?"

"பாவமா இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் தப்பு இது," என்றார். "மூணு நிமிஷம், மூணு நிமிஷம்னு கடிகாரத்தையே பாத்துக்கினு இருந்தேன். ஆளைப் பாக்கல." அப்புறம் உள்ளே போய்ப் பழைய ரிஜிஸ்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். நம்மிடம் கற்றுக்கொண்டு போன அத்தனை பேரின் போன் நம்பரும் அதில் இருந்தது.

"நாளைக்குக் காலைலேர்ந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு நீங்களே சொல்லணும். நான் சொன்னா ஆர்டர்னு கேட்டுட்டு வுட்ருவாங்க. முனி, அண்ணனுக்கு எழுத்து தெரியாது. நீ நம்பர் போட்டுக் குடு."

"நான்தான் வரலன்னு..."

"நம்பர் போட்டு முடிச்சிட்டுப் போ."

முடிக்கப் பல நாள் ஆனது. நடுவில் தினமும் பொய்க்கிணற்றில் படுத்தேன், உதவாமல். அத்தனை வருஷப் பழக்கத்தை அடக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இடுப்பு தானாக எழும்பப் பார்க்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். தலை உறையில் இடித்தது, தோள் சிராய்த்தது. பசங்களுக்குப் பதினோரு நிமிஷம் ஆனது. "இன்னாண்ணா, நேத்து ராத்திரி கல்லைத் துன்னியா?" என்று திட்டினார்கள். நம்பர் எல்லாம் தீர்ந்த பிறகும் முனி போகவில்லை. அவன்தான் முதலில் எட்டு நிமிஷத்துக்குக் கொண்டுவந்தான்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களைத் தூக்க வருகிற கை நல்ல கையாக இருக்கும், நடுங்கும், அழும். உங்களுக்குப் பாவமாக இருக்கும். இருக்கட்டும். நீங்கள் கனமாகக் கிடங்கள்.

அந்தப் போன்களில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நிறையப் பேர் சிரித்தார்கள். "அப்ப நான் ஃபர்ஸ்ட் வந்தது உன்னாலதானா?" என்றான் ஒருத்தன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முனி ஒரு நம்பர் போட்டுக் கொடுத்தான். சாந்திபுரத்துப் பையன். எனக்கு அவன் முகம் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் சொன்னதையே சொன்னேன். நைனா, நான் பேஷண்ட் அண்ணா பேசுகிறேன், நீ என்னைத் தூக்கினபோது நான் உதவி செய்தேன், நிஜ ஆள் இடுப்பைத் தூக்க மாட்டான், கை மேலே போய்விடும், தொடைப் பட்டை இல்லாமல் தூக்காதே.

லைன் போய்விட்டது என்று முனியிடம் போனைக் கொடுக்கப் போனேன்.

"தெரியும்ணா," என்றான் அவன்.

"எப்டி நைனா?"

"ரெண்டு மழைக்கு முன்னாடி. ஒரு அம்மா. பாதிக் கிணறு வரைக்கும் வந்துட்டாங்க. கை மேல போச்சு, நழுவிட்டாங்க." மூச்சு வாங்கினான். "நான்தாண்ணா பட்டை போட்டது. என் கைலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிக்கினு கீறேன், இத்தினி நாளா. யாராண்டயும் சொல்லல."

"உன் கைல ஒண்ணும் இல்லடா. நாந்தான் தூக்கிக் குடுத்தேன்."

"இன்னொரு தபா சொல்லுண்ணா."

சொன்னேன்.